விடுதிக்குச் சென்ற இளையவர்

மதுக்கரை நிலையத்தில் மேற்கு நோக்கிச் செல்லும் புகைவண்டியில் ஏறினால், எட்டிமடையையும் வாளையாற்றையும் கடந்து, மலைகளுக்கு இடையே உள்ள கணவாய் வழியாகப் பாலக்காட்டை அடைகிறோம். அங்கிருந்து மலம்புழை அணைப் பக்கம் சென்றால் ஜவாஹர் நவோதயா வித்யாலயம் இருக்கிறது. 1986-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டி நாடெங்கும் மாவட்டந்தோறும் தோன்றிய பள்ளிகளுள் அதுவும் ஒன்று. ஐந்தாம் வகுப்பில் ஒரு தேர்வு. அதில் தேறியவர் ஆறாம் வகுப்பு முதல் விடுதியில் தங்கி இலவசமாகப் பயிலலாம். நூற்றுக்கு 75 இடங்கள் கிராமத்துப் பிள்ளைகளுக்கு. கூர்த்த அறிவுடைய ஏழைப் பிள்ளை ஊர்ப்புறத்தில் பிறந்த காரணத்தால் பின்தங்கிவிடலாகாது என்பதே அப்பள்ளிகளின் நோக்கம்.

மலம்புழைக் கதவு நம் பிள்ளைகளுக்குத் திறவாது. அது பாலக்காடு மாவட்டத்தாருக்கு உரியது. தமிழ்நாடு மும்மொழித் திட்டத்தை ஏற்காமையால் நம் மாநிலத்தில் நவோதயா பள்ளி ஒன்றும் அமையவில்லை. ஆயினும் நமக்கு வேறு கதவுகள் உள்ளன. உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே, ஆனைமலைத் தொடரின் அடிவாரத்தில், அமராவதி அணைக்கு அருகில் சைனிக் பள்ளி 1962 ஜூலை 16 அன்று தொடங்கப்பெற்றது. அந்நாளில் அது கோவை மாவட்டத்தில் இருந்தது; இன்று திருப்பூர் மாவட்டத்தில் இருக்கிறது. அங்கும் நுழைவுத் தேர்வு உண்டு. 2021 முதல் பெண்பிள்ளைகளையும் சேர்க்கிறார்கள். இவை தவிர, அரசுப் பள்ளி மாணவருக்கென்றே தமிழக அரசு 2021-22 கல்வியாண்டில் மாதிரிப் பள்ளிகளைத் தொடங்கிற்று. முதலில் 10 மாவட்டங்களில் இருந்தவை, அடுத்த ஆண்டில் 25 ஆயின. பின்னர் 38 மாவட்டங்களுக்கும் பரவின. ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை விடுதியோடு கூடிய படிப்பு. ஐ.ஐ.டி. என்ற சொல்லையே கேட்டறியாத வீடுகளிலிருந்து பிள்ளைகள் அங்கே செல்கிறார்கள். இது பெரிய காரியம். நன்றியோடு ஒப்புக்கொள்ள வேண்டியது.

இப்பள்ளிகளைப் பற்றிப் பெற்றோர் கேட்கும் கேள்விகளை நான் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன். உணவு எப்படி, ஆசிரியர் எப்படி, பயிற்சி உண்டா, எத்தனை பேர் மருத்துவத்துக்குப் போனார்கள் என்பார்கள். பிள்ளை அங்கே யாரோடு பேசும், யாரோடு விளையாடும், இரவில் விளக்கணைந்த பிறகு பக்கத்துக் கட்டிலில் யார் இருப்பார் என்று எவரும் கேட்பதில்லை. பதினான்கு வயதில் ஒரு பிள்ளை கண்ணீர் விடுவதானால், கணக்குப் பாடத்தை விட இந்தக் காரியத்துக்காகவே பெரும்பாலும் விடுகிறது.

இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். நம் வீடுகளில் இத்தகைய பள்ளிக்குச் செல்கிறவர் பெரும்பாலும் இளையவராகவே இருக்கிறார். முதற்பிள்ளையின் காலத்தில் விண்ணப்பம் எங்கே கிடைக்கும், எந்த மாதம் தேர்வு வரும் என்பதையே பெற்றோர் அறியார். மூத்தவன் தடுமாறி நடந்த வழியில் இளையவள் விரைந்து நடக்கிறாள். எனவே அவள் வீட்டை விட்டுச் செல்லும்போது, பின்னால் ஒரு அண்ணனோ அக்காளோ நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார்.

சென்னையின் வைஷாலியையும் பிரக்ஞானந்தாவையும் வாசகர் அறிவர். அக்காள் பிறந்தது 2001-இல், தம்பி 2005-இல். மகள் தொலைக்காட்சியிலேயே மூழ்கிக் கிடந்ததால், அதிலிருந்து அவள் கவனத்தைத் திருப்பவே பெற்றோர் அவளைச் சதுரங்க வகுப்பில் சேர்த்தார்கள். அருகில் இருந்து பார்த்த குழந்தைத் தம்பியும் காய்களைப் பிடித்தான். 2018-இல், பதின்மூன்று வயது நிறையும் முன்னரே, அவன் கிராண்ட்மாஸ்டர் ஆனான். அக்காள் அந்தப் பட்டத்துக்குத் தேவையான புள்ளிகளை எட்டியது 2023 டிசம்பரில். ஐந்தாண்டுகளுக்கு மேல், தம்பியின் பெயரை உலகமே சொல்லக் கேட்டுக்கொண்டு, அதே வீட்டில், அதே பலகையில் அவள் ஆடி வந்தாள். 2024 ஏப்ரலில் டொராண்டோ நகரில் நடந்த கேண்டிடேட்ஸ் போட்டிகளில், ஆடவர் பிரிவில் தம்பியும் மகளிர் பிரிவில் அக்காளும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்தார்கள். இளையவனுக்கு வழிகாட்டி, பின்னர் அவனுக்குப் பின்னே நடக்கவும் மனம் ஒப்பிய மூத்தவள் என்று இவளைப் பற்றி எண்ணுகிறேன். பட்டங்களைக் காட்டிலும் இதனையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

அந்த இருவரும் சென்னை வேலம்மாள் பள்ளியில் பயின்றவர்கள். உலக வாகையர் குகேஷும் அதே நிறுவனத்தின் பள்ளி ஒன்றில் பயின்றவரே. சதுரங்கம் ஆடும் பிள்ளைகள் பலர் அங்கே ஒன்றுகூடியதால், ஓர் ஊரில் ஒருவனாக, பிறருக்குப் புரியாதவனாக இருக்க வேண்டிய பிள்ளைக்கு, தன் மொழி பேசும் தோழர் கிடைத்தார்கள். போட்டி இருந்தால் நட்பு இராது என்று நம்மில் சிலர் நினைக்கிறோம். 2023 ஆகஸ்டில் பாக்கு நகரில் உலகக் கோப்பைக் காலிறுதியில் பிரக்ஞானந்தாவும் அர்ஜுன் எரிகைசியும் எதிர் எதிராக ஆடினார்கள். அந்நாட்களிலும் இருவரும் சேர்ந்து உலாவச் சென்றார்கள் என்பது அப்போது பலராலும் வியந்து பேசப்பட்டது. ஒருவர் தோற்று வெளியேற வேண்டிய ஆட்டம் அது, அர்ஜுன் தோற்றார்.

முதல் அடி

எல்லாப் பிள்ளைக்கும் இது எளிதில் வாய்ப்பதில்லை. ஊர்ப் பள்ளியில் முதல் மாணவியாக இருந்தவள் அப்பள்ளியில் நாற்பது முதல் மாணவிகளுக்கு நடுவே உட்காருகிறாள். நாற்பது பேரில் ஒருத்தியே முதலாவதாக வர இயலும். மற்ற முப்பத்தொன்பது பேரும் தம் வாழ்நாளில் முதன்முறையாகப் பின்னுக்குச் செல்கிறார்கள். இதனை ஆஸ்திரேலியாவில் பணியாற்றிய ஹெர்பர்ட் மார்ஷ் என்னும் உளநூல் அறிஞர் 1980-களில் ஆராய்ந்தார். சம திறமையுள்ள இரு பிள்ளைகளில், திறமைசாலிகள் நிறைந்த பள்ளியில் படிப்பவர், சாதாரணப் பள்ளியில் படிப்பவரை விடத் தம் படிப்புத் திறனைக் குறைவாக மதிப்பிடுகிறார் என்று கண்டார். சிறு குளத்தில் பெரிய மீனாக இருந்தது பெருங்குளத்தில் தன்னைச் சிறியதாக உணர்கிறது. மீன் சுருங்கவில்லை, குளமே பெருத்தது. பின்னர் 2003-இல் அவர் ஹவ் என்பவரோடு வெளியிட்ட ஆய்வில், 26 நாடுகளைச் சேர்ந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பதினைந்து வயது மாணவரிடத்தும் இதே போக்கு தென்பட்டது.

இதனோடு தோழமைக்கு என்ன தொடர்பு என்று கேட்கலாம். நிறைய உண்டு. ஊர்ப் பள்ளியில் முதல் மாணவியைத் தேடிப் பிறர் வருவர். கணக்குச் சொல்லித் தரக் கேட்பர். அதன் வழியே நட்பு தானாக வளரும். அவள் எவரையும் தேடிச் செல்லக் கற்றிருக்கவில்லை. புதிய பள்ளியில் அவளைத் தேடி ஒருவரும் வருவதில்லை. அங்கே எல்லாருக்கும் கணக்குத் தெரியும்.

இதற்கு நேர்மாறான துன்பமும் உண்டு. நியூயார்க்கில் லீட்டா ஹாலிங்வொர்த் என்னும் அம்மையார் அளவுகடந்த அறிவுத்திறன் படைத்த சிறுவரைப் பல ஆண்டுகள் அணுக்கமாகக் கவனித்து வந்தார். அவர் 1939-இல் இறந்த பின்னர் 1942-இல் அவருடைய நூல் வெளிவந்தது. சராசரியை விட ஓரளவு மேலே நிற்கும் பிள்ளைகள் எளிதில் நண்பரைப் பெறுகிறார்கள். மிக மிக மேலே நிற்கும் பிள்ளையோ சாதாரண வகுப்பில் தனித்துப் போகிறது என்று அவர் கண்டார். ஆறு வயதுச் சிறுவன் பத்து வயதுக்குரிய விதிகளோடு விளையாட்டை அமைக்க முயல்கிறான். மற்றச் சிறுவர் சலித்து ஓடிவிடுகிறார்கள். அத்தகைய பிள்ளைக்குத் தன்னையொத்தவர் இருக்கும் பள்ளியே முதன்முறையாகத் தோழரைத் தருகிறது. ஆகவே விடுதிப் பள்ளி நல்லதா தீயதா என்று பொதுவாகக் கேட்பது பயனற்ற கேள்வி. எந்தப் பிள்ளைக்கு என்று கேட்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கையையும் இடையே சொல்லிவிடுகிறேன். கலிஃபோர்னியாவில் லூயிஸ் டெர்மன் 1921-இல் அறிவாற்றல் மிக்க பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, சுமார் 1,500 பேரை வாழ்நாள் முழுவதும் பின்தொடரும் ஆய்வைத் தொடங்கினார். கூர்மதி படைத்த பிள்ளைகள் நோயாளிகளாகவும் பிறரோடு பழகத் தெரியாதவராகவும் இருப்பர் என்ற பழைய எண்ணத்தை அவ்வாய்வு பெரிதும் தகர்த்தது. ஆனால் அதே தேர்வில் வேண்டிய மதிப்பெண் பெறாமல் தள்ளப்பட்ட சிறுவர் இருவர், வில்லியம் ஷாக்லியும் லூயிஸ் அல்வாரெஸும், பின்னாளில் பௌதிகத்தில் நோபெல் பரிசு பெற்றார்கள். ஒருவர் 1956-இல், மற்றவர் 1968-இல். நுழைவுத் தேர்வில் தேறாத மூத்த பிள்ளை உள்ள வீடுகளில் இச்செய்தியைச் சற்று உரக்கவே படிக்கலாம்.

ஒரு குடும்பம்

நம் பகுதியில் ஒரு குடும்பத்தை அறிவேன். பெயரும் தெருவும் வேண்டாம். தந்தை கூலி வேலை. தாய் வீட்டில் தையல் இயந்திரம் வைத்திருக்கிறார். மூத்தவன் ஐ.டி.ஐ. முடித்து ஒரு பம்பு பட்டறையில் லேத்து ஓட்டுகிறான். அவனுக்கு ஐந்து வயது இளையவள் தங்கை. அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை அவளே முதல். ஒன்பதாம் வகுப்பில் விடுதிப் பள்ளிக்குத் தேர்வானாள். தெருவெல்லாம் மிட்டாய் வழங்கினார்கள்.

முதல் மூன்று மாதங்கள் வீட்டாரிடம் அவள் சொன்னதெல்லாம் "நல்லா இருக்கேன்" என்பதே. தாய் மதிப்பெண்ணைக் கேட்பார். தந்தை உடம்பைக் கேட்பார். இரண்டுக்கும் விடை கிடைத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மட்டும் பேருந்து ஏறிப் பார்க்கச் சென்றான். வேப்பமர நிழலில் உட்கார்ந்தபோது அவன் கேட்டானாம்: "சோறு உங்கறப்பப் பக்கத்துல ஆரு அம்மிணி உக்காருவாங்க?" அவள் சிறிது நேரம் கையிலிருந்த தட்டையே பார்த்திருந்து, "ஆரும் இல்லீங்கண்ணா" என்றாள். அதன் பிறகு எல்லாம் வெளிவந்தது. முதல் தேர்வில் முப்பதுக்கும் கீழே போனது. ஆங்கிலத்தில் கேட்ட கேள்விக்குத் தமிழில் விடை சொல்லி வெட்கப்பட்டது. அன்றுமுதல் வகுப்பில் வாய் திறவாதது. நூலகத்தில் இருப்பதாகச் சொல்லி விளையாட்டு நேரத்தில் படுக்கையறையிலேயே இருந்தது. அவளை எவரும் ஏசவில்லை, அடிக்கவில்லை. எவரும் அவளைக் கவனிக்கவில்லை, அவ்வளவே. விடுதிக் காப்பாளருக்கு நூற்றுக்கணக்கான பிள்ளைகள். அமைதியாக இருப்பவள் அவர் கண்ணுக்கு நல்ல பிள்ளையாகவே தோன்றுவாள்.

அந்த அண்ணன் அடுத்துச் செய்ததை எண்ணி வியக்கிறேன். அவன் பத்தாம் வகுப்போடு ஐ.டி.ஐ.க்குப் போனவன்; உளநூல் ஒன்றும் படித்ததில்லை. வீட்டுக்கு வந்து, பெற்றோரிடம் விவரம் சொல்லி, "இப்பவே கூட்டிட்டு வந்துட வேண்டாம், பொங்கல் வரைக்கும் பாப்போம்" என்றான். அடுத்த முறை போகும்போது தாயிடம் ஒப்புட்டு சுடச் சொன்னான். ஒருத்திக்கு ஆவதற்கு நாலைந்து போதும், இவன் இருபத்தைந்து கட்டச் சொன்னான். தங்கையிடம் கொடுத்து, "நாளைக்கெல்லாம் கெட்டுப்போயிரும், இன்னைக்கே தீத்துப்போடோணும்" என்றான். தனியே தின்று தீர்க்க இயலாது; ஆகவே அறையில் உள்ளவருக்குக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். இரண்டாவதாகக் கை நீட்டியவள் வால்பாறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத் தொழிலாளியின் மகள். அவளும் முதல் தேர்வில் அடிமட்டத்தில் இருந்தவளே! இருவரும் சேர்ந்து ஆங்கிலச் சொற்களை ஒருவருக்கொருவர் ஒப்பிக்கத் தொடங்கினார்கள். பொங்கலுக்கு முன்பே விளையாட்டு நேரத்தில் எறிபந்து ஆடப் போனாள். சென்ற முறை அண்ணன் பார்க்கச் சென்றபோது ஆட்டம் முடியும்வரை அரை மணி நேரம் வேலிக்கு வெளியே காத்திருக்க நேர்ந்ததாம். இதனைச் சொல்லிச் சிரித்தான்.

அவன் கேட்ட அந்த ஒரு கேள்வியைப் பெற்றோர் தம்மோடு எடுத்துச் செல்லலாம். "நண்பர்கள் இருக்கிறார்களா?" என்றால் பிள்ளை "இருக்கிறார்கள்" என்றே சொல்லும். சாப்பிடும்போது பக்கத்தில் யார், நோய்வாய்ப்பட்ட அன்று தண்ணீர் கொணர்ந்தவர் யார், உன் சோப்பைக் கேட்டு வாங்குகிறவர் யார் என்றால் ஒரு பெயர் வர வேண்டும். ஒரு பெயர் போதும். பத்துப் பேர் தேவையில்லை.

தொன் போஸ்கோவின் அண்ணன்மார்

இளைஞரின் தந்தை என்று நாம் போற்றும் தொன் போஸ்கோவும் வீட்டில் கடைசிப் பிள்ளையே. 1815-இல் பிறந்தார், இரண்டு வயது முடியும் முன்னர் தந்தையை இழந்தார். மூத்த தாரத்து மகனாகிய அந்தோனி, இந்தச் சிறுவன் புத்தகம் பிடிப்பதை வெறுத்தான். தான் நிலத்தில் உழைக்க, தம்பி இலத்தீன் படிப்பதா என்று அவன் கேட்டதில் கொடுமை மட்டும் இருந்ததாக நான் கருதவில்லை. எழுத்தறியாமல் பாரம் சுமக்கும் மூத்தவனின் மனக்குறையும் அதில் இருந்தது. மற்றொரு அண்ணன் சூசை, இவரை விட இரண்டே வயது மூத்தவர். தம்பியின் படிப்புக்குக் குறுக்கே நில்லாதவர். 1831-இல் அருளப்பர் கியேரி நகரப் பள்ளியில் சேர்ந்தபோது அவருக்குப் பதினாறு வயது. முந்தைய படிப்பில் இடையிடையே முறிவு ஏற்பட்டிருந்ததால் சின்னஞ்சிறுவரோடு கீழ்வகுப்பில் உட்கார வேண்டியதாயிற்று. வகுப்பிலே உயரமான பையனுக்கு அது எத்தகைய கூச்சத்தைத் தந்திருக்கும்! ஆனால் அடுத்த ஆண்டிலேயே தோழரைச் சேர்த்து மகிழ்ச்சிக் கழகம் என்று ஒன்றை அமைத்தார். வித்தை காட்டினார், கதை சொன்னார், வீட்டுப்பாடத்தில் உதவினார். வகுப்பை விரைவில் தாண்டிச் சென்ற அவரை எவரும் வெறுக்காததற்கு அந்தக் கழகமே காரணம் எனலாம்.

வீட்டில் எஞ்சியவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு பிள்ளையை அறிவாளி என்று முத்திரை குத்தும்போது மற்றப் பிள்ளையின் மனம் என்ன ஆகிறது என்பதை அமெரிக்காவில் கொலாஞ்சலோ, பிரௌவர் என்னும் இருவர் ஆராய்ந்து 1987-இல் வெளியிட்டார்கள். முத்திரை பெறாத உடன்பிறப்புகள் காலப்போக்கில் அதனைப் பெரிதும் தாங்கிக்கொண்டுவிடுகிறார்கள்; ஆனால் முத்திரை பெற்ற பிள்ளையே, தன்னைப் பற்றி வீட்டார் என்ன நினைக்கிறார்களோ என்று நிச்சயமின்றி இருக்கிறது என்பது அதிலிருந்து வெளிப்பட்டது. நாம் எதிர்பார்ப்பதற்கு இது மாறானது. விருந்தினர் முன்னிலையில் "எங்கள் சின்னவள் மாதிரிப் பள்ளியில் படிக்கிறாள்" என்று நாம் சொல்லும்போது, மூத்தவனின் முகத்தையே ஓரக்கண்ணால் பார்ப்பவள் அந்தச் சின்னவள்தான்.

விடுமுறையில் வந்த பிள்ளைக்கு ஊரும் புதிதாகிவிடுகிறது. பழைய தோழியர் வேறு கதை பேசுகிறார்கள். இவள் சொல்லும் விடுதிக் கதைகள் அவர்களுக்குப் பெருமை பேசுவதாகப் படுகிறது. முதல் இரண்டு நாள் உறக்கம், அதன்பின் கைப்பேசி, அதன்பின் திரும்பும் நாள் என்று விடுமுறை கழிந்துவிடுகிறது. பெற்றோர் சிலர் அந்தப் பத்து நாளிலும் சிறப்பு வகுப்புக்கு அனுப்புகிறார்கள். அது எனக்கு உடன்பாடில்லை. வீட்டில் பிள்ளைக்கு ஒரு வேலை தர வேண்டும். தண்ணீர் பிடிக்க, கடைக்குப் போக, பாட்டியை மருத்துவரிடம் அழைத்துச் செல்ல. விருந்தாளியாக நடத்தப்படும் பிள்ளை விருந்தாளியாகவே ஆகிவிடும்.

நான் சொன்ன அந்தத் தங்கைக்கும் ஒரு பழைய தோழி உண்டு. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். தேர்வு முடிவு வந்த நாள்முதல் அவள் வீட்டுப் பக்கம் வருவதில்லை. கடைத்தெருவில் கண்டால் சிரிப்பதோடு சரி. சென்ற கிறிஸ்துமஸுக்குக் கோயிலில் குடில் கட்ட இருவரும் வந்திருந்தார்கள். ஒருத்தி வைக்கோலைப் பிரித்து நீட்ட, மற்றவள் கூரை வேய்ந்தாள். மாலைச் செபத்துக்கு மணி அடித்தபோதும் வேலை முடியவில்லை. மறுநாளும் இருவரும் வந்தார்கள்.